வாசலில் எழுதிய இரண்டு வரி: ரோபோட்ஸ் டாட் டெக்ஸ்ட் பிறந்த கதை

ஒரே ஒரு சாய்கோடு தவறான இடத்தில் விழுந்ததால், ஆண்டுக்கணக்கில் உழைத்து வளர்த்த இணையதளம் கூகுள் தேடலில் இருந்து மெல்ல மெல்ல மறைந்துபோவது இன்றும் நடக்கிறது. தளத்தில் கோளாறு எதுவும் தெரியாது. பக்கங்கள் திறக்கும், படங்கள் வரும், பணம் கட்டும் பக்கமும் வேலை செய்யும். வருகையாளர்கள் மட்டும் குறைந்துகொண்டே போவார்கள். உரிமையாளர் கட்டுரைகளை மாற்றி எழுதுவார், தலைப்புகளைத் திருத்துவார், ஆலோசகருக்குப் பணம் கொடுப்பார். காரணம் ரோபோட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்ற சின்னஞ்சிறு கோப்பில், யாரும் திறந்து பார்க்காத ஒரு வரியில் இருக்கும்.

இந்தக் கோப்பை வைத்துச் செய்யும் பிழைகள் பலவகை. அத்தனைக்கும் வேர் ஒன்றுதான்: அது எதற்காகப் பிறந்தது என்று தெரியாமலே அதைப் பயன்படுத்துகிறோம். அது பிறந்த 1994-ல் கூகுள் என்ற நிறுவனமே கிடையாது. தேடலில் முன்னுக்கு வரும் போட்டியும் இல்லை. அதன் கதை தெரிந்தால், அது எதைச் செய்யும், எதை ஒருநாளும் செய்யாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

130 தளங்கள் இருந்த காலம்

ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலைத் தொழில்நுட்பத்தை, 1993 ஏப்ரல் 30 அன்று அந்த ஆய்வுக்கூடம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் எம்ஐடி-யில் மேத்யூ கிரே என்ற மாணவர், வலை எவ்வளவு பெரியது என்று அளந்து பார்க்க ஒரு நிரல் எழுதினார். உலகம் முழுவதும் அது கண்டுபிடித்த இணையதளங்கள் 130. டிசம்பரில் அந்த எண்ணிக்கை 623 ஆனது. 1994 நடுவில் 2,738.

கிரே எழுதியதைப் போன்ற நிரல்களை அன்று ரோபோட் என்றார்கள். இன்று கிராலர் என்றும் பாட் என்றும் சொல்கிறோம். வேலை எளிமையானது. ஒரு பக்கத்தை எடுக்கும், அதில் உள்ள இணைப்புகளை எல்லாம் பொறுக்கும், அந்த இணைப்புகளுக்குப் போகும், அங்கிருந்து அடுத்தவற்றுக்குப் போகும். மனிதர் ஒருவர் ஒரு பக்கத்தைப் படிக்கச் சில நிமிடம் எடுத்துக்கொள்வார். ரோபோட்டுக்குப் படிக்கும் வேலை இல்லை. ஒரு கோரிக்கைக்குப் பதில் வருமுன்பே அடுத்த பத்தைக் கேட்கும்படி அதை எழுதிவிட முடியும்.

அன்றைய சர்வர்களுக்கு இது பெரும் பாரம். இன்றைய அளவில் பார்த்தால் மிக மெதுவான கணினிகள், மிக மெல்லிய இணைப்புகள். எவரோ எங்கோ பரிசோதனைக்காக ஓடவிட்ட நிரல், வேறொரு நாட்டுச் சர்வரைத் திணறடித்துவிடும். 1993 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஃபிளெட்சர் ஜம்ப்ஸ்டேஷன் என்ற தேடுபொறியைத் தொடங்கினார். 1994 ஏப்ரலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்டனின் வெப்கிராலர் வந்தது. ரோபோட்டுகள் பெருகப்போகின்றன என்பது அப்போதே கண்ணுக்குத் தெரிந்தது.

நாட்டிங்ஹாமில் ஒரு பொறியாளர்

மார்ட்டைன் காஸ்டர் நெதர்லாந்துக்காரர். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நெக்ஸர் என்ற மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தார். ரோபோட்டுகளால் வரும் தொல்லை அவருக்கு நேரடி அனுபவம். பின்னாளில் அறிவியல் புனைகதை எழுத்தாளராகப் பெயர் பெற்ற சார்ல்ஸ் ஸ்ட்ராஸ், தான் எழுதிய ஒழுங்கில்லாத கிராலர் ஒன்று காஸ்டரின் சர்வரைத் திணறடித்ததுதான் இந்த யோசனைக்குத் தூண்டுதல் என்று சொல்லியிருக்கிறார்.

காஸ்டர் தேடலுக்கு எதிரி அல்லர். அவரே அலிவெப் என்ற ஆரம்பகாலத் தேடல் வசதியைக் கட்டியவர். அது இயங்கிய விதம் வேறு. தளத்தின் உரிமையாளரே தன் பக்கங்களைப் பற்றிய விவரக் கோப்பு ஒன்றை எழுதி வைப்பார். அலிவெப் வந்து அதை மட்டும் எடுத்துச் செல்லும். எல்லாப் பக்கங்களையும் துருவ வேண்டியதில்லை, சர்வருக்கும் சுமையில்லை. தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதை உரிமையாளரே ஒரு கோப்பில் எழுதி வைக்கட்டும், வருகிற ரோபோட் முதலில் அதைப் படிக்கட்டும் என்ற எண்ணம் அவரிடம் ஏற்கனவே ஊறியிருந்தது.

1994 பிப்ரவரியில், வலையை உருவாக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடிப் பேசிய மின்னஞ்சல் குழுவில் காஸ்டர் தன் யோசனையை வைத்தார். கோப்பின் முதல் பெயர் ‘ரோபோட்ஸ்நாட்வாண்டட் டாட் டெக்ஸ்ட்’. அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஜூன் 30 அன்று வெளியான ஆவணத்தில் அது ரோபோட்ஸ் டாட் டெக்ஸ்ட் ஆகிவிட்டிருந்தது. பெயரை எப்படித் தேர்ந்தார்கள் என்பதற்கான காரணங்களையும் அந்த ஆவணம் அடுக்குகிறது: எல்லா இயங்குதளங்களின் கோப்புப் பெயர் விதிகளுக்கும் அது அடங்க வேண்டும், சர்வரில் தனி அமைப்பு எதுவும் செய்யத் தேவைப்படக் கூடாது, பார்த்ததும் நோக்கம் புரிந்து, எளிதில் நினைவில் நிற்க வேண்டும், ஏற்கனவே இருக்கும் கோப்பு எதனுடனும் மோதக் கூடாது. அன்றைய டாஸ் கணினிகள் பெயருக்கு எட்டு எழுத்தும் பின்னொட்டுக்கு மூன்று எழுத்தும்தான் ஏற்கும். ஆறெழுத்துப் பெயர் அதற்குள் வசதியாக அடங்கியது.

எந்தத் தொல்லைகளுக்காக இந்த ஏற்பாடு என்பதையும் ஆவணம் ஒளிக்காமல் சொல்கிறது. சில ரோபோட்டுகள் மூச்சுவிடாமல் கோரிக்கைகளை அனுப்பிச் சர்வரை மூழ்கடித்தன. சில, ஒரே கோப்பைத் திரும்பத் திரும்ப எடுத்தன. சில, முடிவே இல்லாமல் உள்ளே உள்ளே போகும் பக்கங்களில் சிக்கின. ‘அடுத்த மாதம்’ என்ற இணைப்பைத் தட்டிக்கொண்டே போகும் நாட்காட்டிப் பக்கத்தை நினைத்துக்கொண்டால் போதும். இன்னும் சில, வாக்களிப்புப் பக்கத்தின் இணைப்பைத் தொட்டு வாக்கையே பதிவாக்கிவிட்டன. கவலை முழுவதும் வருகையைப் பற்றியது: யார் வருகிறார்கள், எங்கே போகிறார்கள், எவ்வளவு சுமை தருகிறார்கள்.

அந்த ஆவணத்தின் இன்னொரு பகுதியை இணையதளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இது எந்தத் தர நிர்ணய அமைப்பின் அதிகாரமும் பெற்றதல்ல, இதை எவரும் கட்டாயப்படுத்துவதில்லை, எல்லா ரோபோட்டுகளும் மதிக்கும் என்று உத்தரவாதமும் இல்லை என்று அது முதலிலேயே அறிவித்துவிட்டது. ரோபோட் எழுதுபவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலம் அது. இயங்கும் ரோபோட்டுகளின் பட்டியலையே காஸ்டர் பராமரித்துவந்தார். அதனால் வேண்டுகோள் போதுமானதாக இருந்தது. வாசலில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதி வைப்பது போல: வருகிற விருந்தாளி மதிப்பார், பூட்டை உடைக்க வந்தவனுக்கு அந்தப் பலகை ஒரு பொருட்டே இல்லை.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

கோப்பின் உள்ளடக்கம் மிகச் சிறியது. உண்மையில் ஆங்கில எழுத்துகளில் இருக்கும் அதன் அடிப்படை வடிவம் இதுதான்:

யூசர்-ஏஜென்ட்: *
டிஸ்அலோ:

முதல் வரி, எந்த ரோபோட்டுக்குச் சொல்கிறோம் என்பது. நட்சத்திரக் குறி எல்லோருக்கும் என்று பொருள்படும். இரண்டாம் வரி, எங்கே வரக் கூடாது என்பது. அது காலியாக இருந்தால் தடை எதுவும் இல்லை. ரோபோட் எங்கு வேண்டுமானாலும் போகலாம். இப்போது அந்த இரண்டாம் வரியின் முடிவில் ஒரு சாய்கோட்டைச் சேர்த்துப் பாருங்கள்:

யூசர்-ஏஜென்ட்: *
டிஸ்அலோ: /

தளம் முழுவதும் தடை. எல்லாம் திறந்திருப்பதற்கும் எல்லாம் மூடியிருப்பதற்கும் நடுவே இருப்பது ஓர் எழுத்துதான்.

இதற்குக் காரணம், முகவரியின் தொடக்கத்தை வைத்து ஒப்பிடும் முறை. டிஸ்அலோ வரியில் எழுதியது எந்த முகவரிகளின் தொடக்கமாக அமைகிறதோ, அவை அனைத்துக்கும் தடை பொருந்தும். எல்லாப் பக்கங்களின் பாதையும் சாய்கோட்டில்தான் தொடங்குகிறது. ஆகவே தனிச் சாய்கோடு எல்லாவற்றையும் அடைத்துவிடும். தமிழில் முகவரி வைத்திருக்கும் தளங்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பட ஆல்பத்தை அடைக்க நினைத்து ‘/பட’ என்று எழுதினால் ‘/படங்கள்’ மட்டும் அடைபடாது. ‘/படிப்பு’, ‘/படைப்புகள்’ இரண்டும் சேர்ந்து அடைபடும். நம் கண்ணுக்கு ‘டி’யும் ‘டை’யும் வேறு எழுத்துகள். கணினிக்கோ ‘ட’ என்ற குறியீடு முதலில் வருகிறது, ‘இ’கர, ‘ஐ’காரக் குறிகள் அதற்குப் பின்னால் தனியாக வருகின்றன. தொடக்கம் ஒன்றாகவே இருப்பதால் தடையும் ஒன்றாகவே விழுகிறது. அடைக்க வேண்டியது ஒரு பகுதியை என்றால், ‘/படங்கள்/’ என்று கடைசிச் சாய்கோடு வரை முழுமையாக எழுத வேண்டும்.

பிழைகள் எங்கே பிறக்கின்றன

மிகப் பரவலான பிழை, மேலே சொன்ன தனிச் சாய்கோடுதான். பெரும்பாலும் அதை யாரும் தெரிந்து வைப்பதில்லை. புதிய தளத்தைக் கட்டும்போது, அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக் கூடாது என்று உருவாக்குபவர் முழுத் தடை போட்டு வைப்பார். அது சரியான எண்ணம்தான். தளம் திறக்கும் நாளில், சோதனைச் சர்வரில் இருந்த கோப்புகள் அப்படியே உண்மைச் சர்வருக்குப் போகும்; தடையும் கூடவே போய்விடும். வேர்ட்பிரஸில் இதற்கென்றே அமைப்புகள் பக்கத்தில், ‘படித்தல்’ பகுதியில் ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. தேடுபொறிகள் வர வேண்டாம் என்று அதில் குறித்துவிட்டு எடுக்க மறந்த தளங்கள் ஏராளம்.

இரண்டாவது பிழை நுட்பமானது, அதனாலேயே ஆழமானது. ஒரு பக்கம் தேடல் முடிவில் வரக் கூடாது என்று விரும்பி, அதை டிஸ்அலோ பட்டியலில் சேர்ப்பது. அந்தப் பக்கம் அப்படியும் தேடலில் வரக்கூடும். விவரம் இல்லாத வெறும் முகவரியாக, கீழே விளக்கம் காட்ட முடியவில்லை என்ற குறிப்போடு நிற்கும். தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில், தடுக்கப்பட்டும் தேடல் அட்டவணையில் சேர்ந்த பக்கங்கள் என்று இதற்குத் தனி வகையே உண்டு.

ஏன் இப்படி? பிறந்த கதையில் விடை இருக்கிறது. 1994-ல் கேட்டது ‘இங்கே வராதே’ என்பது. ‘என் பெயரைச் சொல்லாதே’ என்று அந்தக் கோப்பு ஒருபோதும் கேட்டதில்லை. வேறு பத்துத் தளங்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், உள்ளே வராமலே அப்படியொரு முகவரி இருப்பது தேடுபொறிக்குத் தெரிந்துவிடும்.

பெயரைச் சொல்லாதே என்பதற்கு வேறு கருவி தேவை என்பது அப்போதே உணரப்பட்டது. 1996-ல் நோஇண்டெக்ஸ் என்ற மெட்டா குறிப்பு வந்தது. அது பக்கத்துக்கு உள்ளே எழுதப்படுவது. இங்கேதான் இரட்டைப் பிழை நடக்கிறது. பாதுகாப்புக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, டிஸ்அலோவும் போட்டு நோஇண்டெக்ஸும் போடுகிறார்கள். வாசலிலேயே நிறுத்தப்பட்ட ரோபோட் பக்கத்துக்குள் வரவே வராது. உள்ளே எழுதிய நோஇண்டெக்ஸ் குறிப்பை அது படிக்கவும் போவதில்லை. தேடலில் இருந்து ஒரு பக்கத்தை நீக்க வேண்டுமென்றால், ரோபோட்டை உள்ளே விட்டு, அந்தக் குறிப்பைப் படிக்க வைக்க வேண்டும். வேர்ட்பிரஸே இந்தப் பாடத்தைக் கற்றுத் தன் முறையை மாற்றியது. அந்தத் தேர்வுப் பெட்டி முன்பு ரோபோட்ஸ் கோப்பில் முழுத் தடை எழுதும். 2019-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து பக்கங்களில் நோஇண்டெக்ஸ் எழுதுகிறது. இந்தக் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் என்று எழுதும் பழக்கமும் சிலரிடம் இருந்தது. அது எந்த விதியிலும் இல்லாதது. 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் அதைக் கண்டுகொள்வதில்லை.

மூன்றாவது, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் இருக்கும் அடைவுகளை அடைத்துவிடுவது. பழைய காலத்தில் இது தவறாகத் தோன்றியதில்லை. ரோபோட்டுகள் எழுத்தை மட்டும் படித்தன, அலங்காரக் கோப்புகளை எடுப்பது வீண் சுமை. இன்று கூகுள் ஒரு பக்கத்தை பிரவுசர் திறப்பது போலவே திறந்து பார்க்கிறது. அந்தக் கோப்புகள் கிடைக்காவிட்டால் பக்கம் சிதைந்துதான் அதற்குத் தெரியும். கைபேசியில் சரியாக வருகிறதா என்பதையும் அதனால் அறிய முடியாது. அவற்றை அடைக்க வேண்டாம் என்று 2014 அக்டோபரிலேயே கூகுள் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. பழைய பட்டியலை அப்படியே நகலெடுத்து ஒட்டும் தளங்களில் இந்தத் தடை இன்னும் கிடக்கிறது.

நான்காவது, கோப்பைப் பூட்டு என்று நம்புவது. நிர்வாகப் பக்கம், வாடிக்கையாளர் பட்டியல், பழைய பேக்கப் எல்லாவற்றின் முகவரியையும் டிஸ்அலோ வரிகளில் வரிசையாக எழுதி வைக்கிறார்கள். இந்தக் கோப்பை உலகில் எவரும் திறந்து படிக்கலாம். 2009 ஜனவரியில் அமெரிக்காவில் ஆட்சி மாறிய நாளில், வெள்ளை மாளிகைத் தளத்தின் இந்தக் கோப்பு ஏறக்குறைய 2,400 வரிகளில் இருந்து இரண்டே வரிகளாகச் சுருங்கியதை மக்கள் அன்றே கவனித்துச் செய்தியாக்கினார்கள். அரசாங்கத்தின் கோப்பைப் படிப்பவர்கள் நம் கோப்பையும் படிப்பார்கள். ஒளிக்க வேண்டியவற்றை இங்கே பட்டியலிடுவது, திருட வருபவனுக்கு நாமே வழிகாட்டுவதாகும். ரகசியத்துக்குக் கடவுச்சொல் வேண்டும்.

வேண்டுகோள் விதியானது

காஸ்டர் 1996 இறுதியில் இதை முறையான இணையத் தரமாக்க ஒரு வரைவு எழுதினார். அது தரமாகாமலே காலாவதியானது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல், உலகின் கோடிக்கணக்கான தளங்கள் எழுதப்பட்ட தரம் ஏதுமில்லாத ஒரு வழக்கத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தேடுபொறியும் தன் விருப்பப்படி பொருள் கொண்டது. கோரிக்கைகளுக்கு நடுவே இடைவெளி விடச் சொல்லும் கிரால்-டிலே என்ற வரியைப் பிங் மதிக்கும், கூகுள் மதிக்காது. இப்படிப் பல.

2019 ஜூலை 1 அன்று கூகுள் தன் பங்குக்கு இந்தக் கோப்பைப் படிக்கும் நிரலைப் பொதுவில் வெளியிட்டு, முறையான தரம் வேண்டுமென்று முயற்சியைத் தொடங்கியது. 2022 செப்டம்பரில் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணம் வெளியானது. அதை எழுதிய நால்வரில் மூவர் கூகுளைச் சேர்ந்தவர்கள். முதல் பெயர் மார்ட்டைன் காஸ்டர். மின்னஞ்சலில் வைத்த யோசனை, 28 ஆண்டுகள் கழித்து, அதே மனிதரின் பெயரோடு தரமானது.

அந்த ஆவணம் பழைய தெளிவைக் கைவிடவில்லை. இந்த விதிகள் அனுமதிக் கட்டுப்பாடு அல்ல என்று முன்னுரையிலேயே சொல்கிறது. தள உரிமையாளர்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்திகளும் அதில் உண்டு. கோப்பு இல்லை என்று சர்வர் பதில் சொன்னால், ரோபோட் தாராளமாக எல்லா இடத்துக்கும் போகலாம். ஆனால் சர்வர் பழுதாகி 500 வரிசைப் பிழை காட்டினால், தளம் முழுவதும் தடை என்றே ரோபோட் எடுத்துக்கொள்ள வேண்டும். கோப்பே இல்லாத தளம் பிழைத்துக்கொள்ளும். கோப்பைக் கேட்கும்போது பழுதாகும் தளம் தேடலில் தேயும். கோப்பு முதன்மை அடைவில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு துணைத்தளத்துக்கும் தனிக் கோப்பு வேண்டும். பாதைகளில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு.

தரம் வந்த மறு ஆண்டே புதிய விருந்தாளிகள் வந்தார்கள். 2023 ஆகஸ்டில் ஓபன்ஏஐ தன் ஜிபிடிபாட் என்ற கிராலரின் பெயரை வெளியிட்டு, வேண்டாதவர்கள் இந்தக் கோப்பில் தடுக்கலாம் என்றது. செப்டம்பரில் கூகுள், தன் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குத் தளத்தைத் தர மறுப்பவர்களுக்காகக் கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரை அறிவித்தது. அதைத் தடுத்தால் தேடல் தரவரிசைக்குப் பாதிப்பில்லை. ஆனால் செயற்கை நுண்ணறிவைத் தடுக்கும் வேகத்தில் நட்சத்திரக் குறியின் கீழ் தனிச் சாய்கோடு போடுபவர்கள், தேடுபொறியையும் சேர்த்தே விரட்டிவிடுகிறார்கள். பெயர் சொல்லித் தடுக்கும் வசதி 1994 முதலே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் போதும்.

இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேடலில் முன்னுக்கு வருவதற்கான உத்திகளைத் தேடிப் போகும் முன், உங்கள் தள முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் இந்தக் கோப்பின் பெயரும் சேர்த்து பிரவுசரில் திறந்து பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும், ‘இந்த இடத்துக்கு ரோபோட் வராமல் இருந்தால் எனக்கு என்ன நன்மை?’ என்று கேளுங்கள். பதில் சர்வரின் சுமையைக் குறைப்பதாக இருந்தால், அந்த வரி இருக்கட்டும். பக்கத்தைத் தேடலில் இருந்து நீக்குவதற்காக என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு நோஇண்டெக்ஸ் போடுங்கள். ரகசியம் காப்பதற்காக என்றால் கடவுச்சொல் போடுங்கள். பதிலே தெரியவில்லை என்றால் தளத்தை உருவாக்கியவரிடம் இன்றே கேளுங்கள்.